இரண்டாவது முயற்சியில் தேறினேன்: முடிவுகளுக்கு முன் ‘ஷார்ட்ஸ்’ வரியைப் பாருங்கள்

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளுக்கான எலாஸ்டிக் சர்டிஃபைடு இன்ஜினியர் தேர்வில் தேறிவிட்டேன். மின்னஞ்சல் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. முதல் முறை எங்கே கோட்டை விட்டேன் என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். 3 மணி நேரச் செய்முறைத் தேர்வு, மென்பொருளின் விளக்கப் பக்கங்களைத் திறந்து பார்க்கலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது. என் பயிற்சி கிளஸ்டரில் (எலாஸ்டிக்சர்ச் ஓடும் கணினித் தொகுப்பு) நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

பல இன்டெக்ஸ்களில் (தேடப்படும் தரவுத் தொகுப்புகளில்) ஒரே நேரத்தில் தேடுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்திருந்தேன். அன்றாட வேலையே அதுதான். ஒரு வலைச் செயலி, அதில் ஒரு தேடல் பெட்டி, பின்னால் கட்டுரைகளுக்கு ஒரு இன்டெக்ஸ், பொருட்களுக்கு ஒன்று. இரண்டு பெயரையும் காற்புள்ளி போட்டு எழுதினால் ஆயிற்று. தேர்விலும் அந்த மாதிரி இடங்களில் மளமளவென்று எழுதி, முடிவுகள் வந்ததைப் பார்த்ததும் அடுத்ததற்குத் தாவினேன்.

தோற்ற பிறகு அதே போக்கில் ஒரு தேடலை எழுதிப் பார்த்தேன். வெளியான தேதிப்படி வரிசைப்படுத்தச் சொன்னேன். அந்தப் புலம் (ஃபீல்டு) கட்டுரை இன்டெக்ஸில் உண்டு, பொருள் இன்டெக்ஸில் இல்லை. பதில் 200 என்றே, அதாவது வெற்றி என்றே, வந்தது. முடிவுகளும் அழகாக வரிசையில் நின்றன. மேலே, நான் எப்போதும் தாண்டிப்போகும் இடத்தில், ‘ஷார்ட்ஸ்: மொத்தம் 2, வெற்றி 1, தோல்வி 1’ என்று இருந்தது. ஷார்டு என்பது இன்டெக்ஸின் ஒரு துண்டு; இங்கே இன்டெக்ஸுக்கு ஒன்று. பொருட்கள் ஒன்றுகூட வரவில்லை. தேர்வில் எத்தனை இடத்தில் இப்படி விட்டேனோ என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை.

வரிசைப்படுத்தும் இடத்தில் ‘அன்மேப்டு டைப்: டேட்’ என்று சேர்த்தால் போதும், புலம் இல்லாத ஆவணங்கள் கடைசியில் வந்து நிற்கும். வரிசைப்படுத்தும் புலம் ஒரு இன்டெக்ஸில் கீவேர்டு (பிரிக்காமல் முழுதாக வைக்கும் வகை), இன்னொன்றில் வெறும் டெக்ஸ்ட் (சொல் சொல்லாகப் பிரிக்கும் வகை) என்று மேப்பிங் (புலங்களின் வகை வரையறை) மாறியிருந்தாலும் இதே அரைகுறைப் பதில்தான் வரும். அதற்கு மேப்பிங்கைத்தான் சரிசெய்ய வேண்டும். செயலி எழுதுபவர்கள் 200ஐ மட்டும் நம்பாதீர்கள். ‘அலவ் பார்ஷியல் சர்ச் ரிசல்ட்ஸ்’ என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டால் பாதிப் பதிலுக்குப் பதிலாகப் பிழையே வரும்.

அப்புறம், கை தானாக எழுதும் அளவுக்குப் பழக வேண்டியவை:

- பட்டியலில் ஒரு இன்டெக்ஸ் இல்லையென்றாலும் மொத்தத் தேடலும் 404 (இல்லை என்ற பிழை). ‘இக்னோர் அன்அவைலபிள்’ தேவை. வைல்டுகார்டு (பெயரில் * போடுவது) எதற்கும் பொருந்தாவிட்டாலோ, பிழையில்லாமல் காலிப் பதில் வரும்.
- ஒரு இன்டெக்ஸை விலக்கும் கழித்தல் குறி வைல்டுகார்டுக்குப் பின்னால்தான் வரவேண்டும்.
- எம்சர்ச்சில் (பல தேடல்களை ஒரே கோரிக்கையில் அனுப்பும் வழி) கடைசி வரிக்குப் பிறகும் ஒரு புதுவரி. ஒவ்வொரு தேடலுக்கும் தனித்தனி ஸ்டேட்டஸ், எல்லாவற்றையும் பாருங்கள்.
- வேறு கிளஸ்டர் என்றால் அதன் பெயர், முக்காற்புள்ளி, இன்டெக்ஸ் பெயர். ‘ஸ்கிப் அன்அவைலபிள்’ (அந்தக் கிளஸ்டர் கிடைக்காவிட்டால் அதைத் தாண்டிப்போகும் அமைப்பு) இயல்பாகவே ட்ரூ ஆனது 8.15இல்தான். எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடல் முடிவுகளுக்குக் கிடைக்கும் மதிப்பெண் (ஸ்கோர்) விஷயத்தை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். அரிதான சொல்லுக்கு மதிப்பெண் கூடும்; ஒரு சொல் எவ்வளவு அரிது என்பதை ஒவ்வொரு ஷார்டும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. ‘கேபிள்’ என்ற சொல் பொருட்களில் எங்கும் இருக்கும், கட்டுரைகளில் எப்போதாவது வரும். அதனால் கேபிள் வாங்க வந்தவருக்குக் கட்டுரைகளே மேலே வரும். ‘டிஎஃப்எஸ் குவரி தென் ஃபெட்ச்’ இந்தக் கணக்கைப் பொதுவாக்கும். ‘இன்டிசஸ் பூஸ்ட்’ ஒரு பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். என்னைக் கேட்டால், வேலையில் கட்டுரைகளையும் பொருட்களையும் கலக்கவே மாட்டேன். எம்சர்ச்சில் தனித்தனியாக எடுத்து இரண்டு பகுதிகளாகக் காட்டுவேன்.

நான் நிதானமாகச் செய்தால்தான் சரியாகச் செய்கிற ஆள். அதனால் இந்த முறை கடைசி 20 நிமிடத்தை ஒதுக்கி, எழுதிய தேடல்களை மறுபடி ஓட்டி அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தேன். ஒரு இடத்தில் ‘தோல்வி 1’ என்று நின்றது. திருத்திவிட்டுத்தான் எழுந்தேன்.