கச்சானைத் தாண்டிய குருக்கத்தி

லண்டனில் இருக்கும் அக்கா ஒவ்வொரு குளிருக்கும் தன் வேலிப் படம் ஒன்று அனுப்புவா: இலையில்லாத கம்பெல்லாம் மஞ்சள் பூ. குளிர்கால மல்லிகை. சீனத்துச் செடி, 1844இல் ரொபர்ட் ஃபோர்ச்சூன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. மல்லிகை என்று பெயர்தான், வாசம் இல்லை.

"நீயும் வச்சுப் பாரன்" என்றா. மார்கழியிலும் ஃபேன் சுற்றுகிற திருகோணமலையில் அது எங்கே பூக்கிறது! ஐப்பசி மழையையும் வைகாசியில் வீசும் கச்சான் காற்றையும் தாங்குகிற கொடிதான் இங்கே வேண்டும். அதனால் நம் காடுகளிலேயே படரும் குருக்கத்தியை எடுத்தேன்.

மாரி தொடங்கவே நட்டாயிற்று. சரளை மண் என்பதால் குழியின் அடியில் பொச்சுமட்டை அடுக்கி, மேலே மாட்டெரு கலந்த மண். முதல் எதிரி மான். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் நகருக்குள் உலாவுவதைப் பார்த்து வெளியூர்க்காரர் படம் எடுப்பார்கள். தோட்டம் வைத்தவனுக்குத்தான் தெரியும் அருமை. நுனி முழுவதும் போன பிறகு வலை அடித்தேன், மறுபடி தளிர்த்தது.

கச்சான் காலம்தான் உண்மையான சோதனை. சூடான காற்றில் இலை ஓரமெல்லாம் கருகும், கிணறும் கீழே போய்விடும். மேற்குப் பக்கம் கிடுகு கட்டி, அடியில் காய்ந்த ஓலை பரப்பி, பொழுதுபட்ட பிறகு மட்டும் தண்ணீர் விட்டேன். வெயில் நேரம் விட்ட தண்ணீர் வேருக்குப் போகுமுன்னே காய்ந்துவிடுகிறது.

அடுத்த மாரியில், பைப்பில் கட்டிய பந்தலைக் கொடி மூடிவிட்டது. தை கடைசியில் மொட்டு. ஓரம் சீவியது போன்ற ஐந்து வெள்ளை இதழ், ஒன்றில் மட்டும் மஞ்சள் திட்டு. வாசம் வாசல்வரை வரும். உற்றுப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை: தம்பம், அதாவது பூவின் பெண் பாகத்துத் தண்டு, சில பூவில் இடப்பக்கம் வளையும், சிலதில் வலப்பக்கம். மகரந்தம் தாங்கும் பத்துக் கேசரத்தில் நீளமான ஒன்று அதற்கு எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். தேனீயின் உடம்பில் ஒரு பக்கம் ஒட்டிய மகரந்தம், எதிர்மாதிரி வளைந்த பூவில் போய்ச் சேர அது வசதி.

காய்க்கு மூன்று சிறகு, காற்றில் சுழன்று பறக்கும். மொரீசியசிலும் ரீயூனியனிலும் இதே கொடி காட்டு மரங்களை மூடி அழிக்கிறதாம். இங்கே சொந்த ஊர்க்காரன் என்றாலும் பந்தலுக்கு வெளியே ஓடிய கம்பை விட்டுவைக்கவில்லை. பூ முடிந்ததும் கவாத்து; மாரி நடுவில் வெட்டினால் வரப்போகும் மொட்டும் சேர்ந்து போய்விடும்.

பக்கத்து வீட்டு மாமிக்கும் ஒரு கன்று வேணுமாம். ஐப்பசியில் பதியம் வைக்க ஒரு கம்பைத் தாழ்த்திக் கட்டியிருக்கிறேன்.