பாத்து வாங்க

கிருஷ்ணகிரியிலிருந்து லாரி டிரைவரின் போன் வந்தபோது ராத்திரி மணி ஒன்று பத்து.

"கண்ணு ரெண்டும் எரியுதுங்க. ஓரமாப் போட்டுட்டு ஒரு மணி நேரம் படுத்துட்டு வரட்டுங்களா?"

"ஆறு மணிக்கு டோக்கன் குடுத்துருவாங்கண்ணா. பாத்து வாங்க."

"சரிங்க."

இருபத்தெட்டு நொடி. நாலேகாலுக்கு மல்லூர் தாண்டி, பஞ்சராகி நின்ற டிரெய்லரின் பின்னால் வண்டி மோதியது. அவர் சீட்டிலேயே போய்விட்டார். 2023 நவம்பர், ஒரு சனிக்கிழமை விடியற்காலை.

லாரி புக்கிங் ஆபீசில் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற வார்த்தைதான் 'பாத்து வாங்க'. போனை வைப்பதற்கு முன் வாய் தானாகச் சொல்லும். ஆனால் அன்றைக்கு வந்தது ஒரு கேள்வி. 'படுங்க', 'படுக்காதீங்க' என்ற இரண்டில் ஒன்றுதான் அதற்குப் பதில். இரண்டையும் சொல்லாமல், டோக்கன் நேரத்தை மட்டும் சொன்னதில் பதில் இருந்துவிட்டது. இருபது வருடம் ஸ்டீயரிங் பிடித்தவருக்கு அது புரியாமல் இருக்குமா?

டோக்கன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். தாவணகெரேயிலிருந்து நாமக்கல் தீவன மில்லுக்கு மக்காச்சோளம், அறுபது கிலோ மூட்டை முந்நூறு, பதினெட்டு டன். பத்து வீலுக்கு வண்டியோடு சேர்த்து 28.5 டன் வரை போகலாம், அதனால் ஓவர்லோடு இல்லை. மில்லில் காலை டோக்கன் வாங்கினால்தான் குத்தூசி போட்டு சாம்பிள் எடுத்து, ஈரம் பார்த்து, அன்றைக்கே இறக்குவார்கள். சனிக்கிழமை டோக்கன் தவறினால் ஞாயிறு லீவு, திங்கள்தான். இரண்டு நாள் வண்டி சும்மா நிற்கும். நிற்கிற நாளுக்கான காசு, ஹால்டிங் என்று பேச்சுக்குச் சொல்வார்கள், கைக்கு வருவது அபூர்வம். டிரைவருக்கும் படி ஓட்டத்துக்குத்தான், நிற்பதற்கு இல்லை. ஆகவே அவரும் சனிக்கிழமையே இறக்கத்தான் விரும்பியிருப்பார். இதைப் பல ராத்திரி சொல்லிச் சமாதானப்பட்டாயிற்று.

ஆனால் அவருடைய அந்த நாளை எழுதிப் பார்த்தால் சமாதானம் நிற்பதில்லை. காலை ஐந்து மணிக்கு யார்டில் எழுந்திருக்கிறார். லோடு ஏற்றும்போது மூட்டை எண்ண நின்று, எடை போட்டு, தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டி முடிக்க மதியம். இரண்டு மணிக்குக் கிளம்பி, எட்டு மணிக்கு நெலமங்கலா. அங்கே ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. ஆபீசில் உட்கார்ந்து பார்த்தால் அது ஓய்வு மாதிரித் தெரியும். வரிசையில் நிற்பவர் படுக்க முடியாது. முன் வண்டி பத்தடி நகர்ந்தால் இவரும் நகர வேண்டும், இல்லையென்றால் பின்னால் ஹாரன். அப்புறம் பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி. போன் செய்தபோது இருபது மணி நேரம் விழித்திருந்தார். வண்டியில் கிளீனர் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகும் முன் அரை மணி நேர இடைவேளை என்றது. லாரி ஆபீசில் அதைப் படித்துக் காட்டியவர் யாரும் இல்லை.

தொப்பூர் கணவாயை அவர் ஒழுங்காக இறங்கியிருக்கிறார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ரோட்டில் லாரி விபத்து என்றாலே நியூட்ரலில் விட்டான், பிரேக் பிடிக்கவில்லை என்று பேசிவிடுவார்கள். நியூட்ரலில் இறக்கினால் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. மொத்த பாரமும் டிரம்மிலும் லைனிங்கிலும் விழும். சூடு ஏறியதும் மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறையும். அடிக்கடி மிதிப்பதால் டேங்கில் காற்றும் இறங்கும். அவர் கணவாய் முழுக்க லோ கியரில், எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு வந்திருக்கிறார். ஜி.பி.எஸ்.ஸில் வேகம் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, வண்டியில் குறை இல்லை என்றுதான் எழுதினார். கஷ்டமான இடத்தைக் கவனமாகக் கடந்த மனிதர் நேர்ரோட்டில் மோதியிருக்கிறார். தூக்கமும் அப்படித்தான் வரும். வளைவிலும் இறக்கத்திலும் கண் விழித்திருக்கும், நேர்ரோடு கிடைத்ததும் மூன்று நொடி, நான்கு நொடி மூடும். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். டீ வேலை செய்யவே இருபது, முப்பது நிமிடம் ஆகும். டீயைக் குடித்துவிட்டு அந்த இருபது நிமிடம் படுப்பதுதான் முறை. ஒரு மணி நேரம் தூங்கினால், எழுந்ததும் கால் மணி நேரமாவது நடந்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். இது அத்தனையும் அந்த ஒன்று பத்துக்கும் தெரிந்த விஷயந்தான்.

தூங்கினார் என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற கேள்வியும் விடவில்லை. ஜி.பி.எஸ். பத்து நொடிக்கு ஒரு புள்ளி வைக்கும். கடைசிப் புள்ளியில் 58 கிலோமீட்டர், அடுத்ததில் பூஜ்யம். அந்த வேகத்தில் பத்து நொடி என்பது 160 மீட்டர். அதற்குள் அவர் பார்த்தாரா, மிதித்தாரா, எதுவும் அதில் இல்லை. ரோட்டில் டயர் தேய்ந்த கோடும் இல்லை. 60 கிலோமீட்டரில் போகிற லோடு வண்டியில், டிரைவர் பார்த்துக் கால் வைப்பதற்குள் 25 மீட்டர் போய்விடும், பிடித்து நிற்க இன்னொரு 35 மீட்டர். டிம் லைட்டில் இருட்டான பொருள் தெரிவது நாற்பது, ஐம்பது மீட்டரில். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல் சேறு, டெயில் லைட் இல்லை, முக்கோணம் இல்லை என்றால் நன்றாகத் தூங்கி எழுந்த டிரைவரும் அந்த டிரெய்லரில் மோதியிருக்கக்கூடும்.

டிரெய்லருக்குப் பின்னால் வேப்பங்கிளை கிடந்தது. பஞ்சரான வண்டிக்குக் கல்லும் கிளையும் வைப்பது நம் ரோட்டு வழக்கம். இடத்துக்குப் போனபோது மணி ஆறு. அந்தக் கிளையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இலை ஒன்றுகூட வாடவில்லை, ஒடித்த இடத்தில் ஈரம் இருந்தது. டிரெய்லர் ராத்திரி பதினோரு மணியிலிருந்து நின்றதாக டீக்கடைக்காரர் சொன்னார். மோதிய பிறகு, பின்னால் வருகிற வண்டிகளுக்காக வைத்திருக்கலாம். அப்படியென்றால் அது சரியான காரியம். மோதுவதற்கு முன்பு எதுவும் வைக்கவில்லை என்பதை மறைக்கவும் வைத்திருக்கலாம். கிளையைப் போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. போலீஸ் எழுதிய பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் 'எச்சரிக்கைக் கிளை' என்று ஏறிவிட்டது. முதல் தகவல் அறிக்கையில் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304 ஏ, அதாவது கண்மூடித்தனமாக ஓட்டியது, கவனக்குறைவால் மரணம். குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் இறந்தவரின் பெயரே இருந்தது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இடத்துக்கு முதலில் போகிறவர் நிற்கிற வண்டியின் பின்பக்கத்தை, விளக்கு, ஸ்டிக்கர், முக்கோணம் எல்லாம் தெரிய, நேரத்தோடு போட்டோ எடுத்துவிட வேண்டும். அது இல்லாததால் டிரெய்லரின் இன்சூரன்ஸ் மேல் வழக்குப் போட வக்கீல் தயங்கினார். தப்பு டிரைவர் மேல் என்று எழுதிவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று ஊரில் சொன்னார்கள், அது சரியில்லை. அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் வேலையின்போது இறந்தால் யார் தப்பு என்ற கேள்வி வரவில்லை. கணக்குக்கு எடுத்த மாதச் சம்பளம், அப்போதைய உச்சவரம்பான 15,000. அதில் பாதி 7,500. நாற்பது வயதுக்கான காரணி 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். பாலிசியில் சம்பள டிரைவருக்கான கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தது. தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் மனு, சம்பளச் சான்று ஆபீசிலிருந்தே. அந்தச் சான்றை உச்சவரம்பு அளவுக்கே எழுதிக் கொடுத்தோம். அதைச் செய்தபோது மனம் கொஞ்சம் லேசானது. லேசானதே உறுத்தலாகவும் இருக்கிறது.

ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். லைசென்ஸ் போட்டோவைப் பெரிதாக்கியதால் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒரு நாள் எந்த வண்டியும் லோடு எடுக்கவில்லை.

காரியம் முடிந்து நாலாம் நாள் அவர் சம்சாரம் ஆபீசுக்கு வந்தார். மஞ்சப்பையில் டிரிப் நோட்டும், சட்டைப் பையில் இருந்த பணமும். "அட்வான்ஸ்ல மீதிங்ண்ணா. கணக்குப் பாத்து, நாங்க எவ்வளவு தரணும்னு சொல்லுங்க." பதினைந்தாயிரம் அட்வான்ஸ். பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தார்: கயிறு, எடை, நெலமங்கலா சாப்பாடு 120. கடைசி வரி, 'கிருஷ்ணகிரி டீ 2 – 30'. தனியாக வந்த மனிதர் இரண்டு டீ குடித்திருக்கிறார். போனுக்கு முன்பா, பின்பா? நோட்டில் நேரம் எழுதுவதில்லை. பணத்தை எண்ணினோம். ஒரு ரூபாய் குறையவில்லை. அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றார், ரொம்ப நேரம்.

அதன்பிறகு ராத்திரியில் யாராவது படுக்கட்டுமா என்று கேட்டால், "படுங்க, டோக்கனை நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொல்கிறேன். போன மாதம் தும்கூரிலிருந்து ஒருவர் கேட்டார். படுங்க என்றேன். நன்றாகத் தூங்கி, பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். டோக்கன் முடிந்துவிட்டது. மில்லில் பேசிப் பார்த்தும் ஆகவில்லை. திங்கள் வரை கேட்டிலேயே கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டிய முட்டை லோடு வேறு வண்டிக்குப் போனது. திங்கள் மாலை ஆபீசுக்கு வந்தவர், "அன்னிக்கு நேரத்தோட ஒரு போனைப் போட்டு எழுப்பி விட்டிருக்கலாமுங்க" என்றார். வீட்டில் ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டுமாம். அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த லோடு தாவணகெரேக்கே இருந்தது. பில்லை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல் வரை போனார். வாயில் வந்த அந்த இரண்டு வார்த்தையையும் சொல்லாமல் அவர் வண்டி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.