பால்கனி ரூமா, உள்ரூமா: எங்க அலாஸ்கா கப்பல் கணக்கு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

அப்பா அம்மா மே மாசம் வராங்க, டிக்கெட் போட்டாச்சு. போன தடவை வந்தப்ப காஸ்ட்கோ, கோயில், மவுண்ட் ரெய்னியர்னு முடிச்சு அனுப்பிட்டேன், இந்த தடவை அலாஸ்கா கப்பல்ல கூட்டிட்டுப் போலாம்னு இவர்தான் ஆரம்பிச்சார். சியாட்டில்லயே ஏறி சியாட்டில்லயே இறங்கலாம், ஃப்ளைட் செலவு மிச்சம். ஜூன் 8 கிளம்பி 15 திரும்பறோம். ஜூனோ, கிளேசியர் பே, சிட்கா, கெச்சிகன், கடைசில கனடால விக்டோரியா.

அதுவரைக்கும் சுலபமா வந்துட்டேன், எந்த ரூம்னு கேக்கற இடத்துல ரெண்டு மணி நேரமா முழிச்சிட்டு இருக்கேன். ஜன்னலே இல்லாத உள்ரூம் ஆளுக்கு 899 டாலர், பால்கனி வெச்சது 1,499. ரூமுக்கு ரெண்டு பேர், அப்ப ஒரு ரூமுக்கு 1,200 வித்தியாசம், ரெண்டு ரூமுக்கும் பால்கனின்னா 2,400. அந்தக் காசுக்கு நாலு பேரும் ஹெலிகாப்டர்ல ஏறலாமேன்னு இவர் சொல்றார். அம்மா ஊர்ல ராட்டினத்துலயே ஏறினதில்ல.

பிப்ரவரி 15, சனி

ரெண்டு தடவை போயிட்டு வந்த ஃப்ரெண்ட் கிட்ட ஒரு மணி நேரம் பேசினேன். அவ ஒரே பேச்சா பால்கனி வேண்டாங்கறா. கிளேசியர்ங்கற பனியாறு முன்னாடி கப்பல் நின்ன இடத்துலயே மெதுவா சுத்துமாம், எந்தப் பக்கம் ரூம் இருந்தாலும் தெரியும், மேல் டெக்ல போய் நின்னா ரெண்டு பக்கமும் தெரியும், அது எல்லாருக்கும் பொது, தனியா காசு இல்ல.

இன்னொண்ணும் சொன்னா, அதுதான் எனக்குத் தெரியாது. கனடால இருக்கற வான்கூவர்லேர்ந்து கிளம்பற கப்பல்கள் வான்கூவர் தீவுக்கும் கரைக்கும் நடுவுல போகும், ரெண்டு பக்கமும் மலை, காடு, அதுக்கு பால்கனி நல்லாவே உபயோகம். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் தீவுக்கு மேற்கால திறந்த கடல்ல போகும், போகும்போதும் வரும்போதும் கிட்டத்தட்ட ஒரு நாள் வெறும் தண்ணி, ஆட்டமும் இருக்கும். ஆக ஏழு நாள் பால்கனிக்குக் காசு கட்டிட்டு அதுல நாலு நாள்தான் பாக்கறதுக்கு ஏதாவது இருக்கும், அந்த நாள்லயும் பகல்ல ஊர்ல இறங்கி சுத்திட்டு இருப்போம்.

சரி உள்ரூம்னு முடிவு பண்ணி தூங்கப் போனேன். அப்பாவோட முட்டி ஞாபகம் வந்துது. மேல் டெக்ல குளிர்ல எவ்ளோ நேரம் நிப்பார்?

மார்ச் 2, ஞாயிறு

விசா வேலை. இந்திய பாஸ்போர்ட்ங்கறதால விக்டோரியால சாயங்காலம் சில மணி நேரம் நிக்கறதுக்கே அப்பா அம்மாக்கு கனடா விசா வேணும். அமெரிக்கா விசாவும் மல்டிபிள் என்ட்ரியா இருக்கணும், நல்லவேளை இருக்கு. ஏன் அந்த விக்டோரியாக்குப் போயே ஆகணும்னு பாத்தா 1886ல போட்ட ஒரு சட்டமாம், வெளிநாட்டுல பதிவான கப்பல் அமெரிக்க ஊர்ல ஆளை ஏத்தி நடுவுல வெளிநாட்டைத் தொடாம திரும்ப அங்கயே கொண்டு வந்து இறக்கக் கூடாது. கப்பல் சீசன் பூரா விக்டோரியாக்குப் போயிட்டு வரது இதுக்காகத்தான். அப்பாகிட்ட சொன்னேன், "எங்க போர்டு ரூல்ஸ் மாதிரியே இருக்கே"ன்னார். அப்பா ஈபில முப்பத்தஞ்சு வருஷம்.

மார்ச் 9, ஞாயிறு

நாளைக்கு முழுப் பணம் கட்டணும். பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம், அப்பா அம்மாக்கு பால்கனி, எங்களுக்கு நேர் எதிர்த்தாப்ல உள்ரூம். நடுவுல நடைபாதை மட்டும்தான், பால்கனி வேணும்னா கதவைத் தட்டிட்டுப் போயிடலாம்.

ரூமைத் தேர்ந்தெடுக்கறதும் சும்மா இல்ல. மேல் தளம்னா நல்ல வியூன்னு போகக்கூடாது, சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் கீழ வந்தா விடியக்காலைல நாற்காலி இழுக்கற சத்தம் கேக்கும். விலை கம்மியா இருக்கேன்னு பாத்தா எதிர்ல உயிர்காப்புப் படகு தொங்கும். ஆட்டம் கம்மியா இருக்கணும்னா கப்பலோட நடுப்பகுதி, கீழ்த் தளம். அதையே போட்டேன்.

இதை ஃபோன்ல அப்பாகிட்ட சொன்னது தப்பாப் போச்சு. "மாப்பிள்ளை ஜன்னல் இல்லாத ரூம்ல இருக்க, நான் பால்கனில கால் நீட்டிட்டு உக்காந்திருக்கறதா? நாலு பேர் கேட்டா என்ன நினைப்பாங்க?" எந்த நாலு பேர், பசிபிக் கடல்ல! அம்மா பின்னாடிலேர்ந்து "ஏண்டி, எவ்ளோ ஜாஸ்தி?"ன்னு கேட்டா. லட்சத்துக்கு மேலன்னு சொன்னா வரவே மாட்டாங்க. ஆஃபர்ல வந்துதுன்னு சொல்லிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு, கப்பல்ல

ஏறியாச்சு. அப்பா ரூமுக்குள்ள போன உடனே எங்க கதவைத் தட்டி, உள்ள எட்டிப் பாத்து, "மாப்பிள்ளை, சாமானெல்லாம் எடுங்க, மாத்திக்கலாம்"னு ஆரம்பிச்சிட்டார். இவர் எனக்கு இருட்டுதான் பிடிக்கும்னு சொல்லிப் பாத்தார், அப்பா நம்பல. மரியாதைக்கு சொல்றார்னு நினைச்சிட்டார்.

ஜூன் 9, திங்கள்

ஃப்ரெண்ட் சொன்ன திறந்த கடல். அம்மாக்கு காலைலேர்ந்து தலை சுத்தல், படுத்தா ஜாஸ்தியாகுது. பால்கனில நாற்காலியைப் போட்டு தூரத்துல கடல் கோட்டையே பாத்துட்டு இருன்னு உக்கார வெச்சேன், கப்பல் ஆளுங்க பச்சை ஆப்பிள் குடுத்தாங்க, அம்மா கும்பகோணத்துலேர்ந்து கொண்டு வந்த இஞ்சி மரப்பாவை எடுத்து வாயில போட்டுட்டு ஆப்பிளை என்கிட்ட குடுத்துட்டா. பதினோரு மணிக்கெல்லாம் சரியாயிடுச்சு. வெறும் தண்ணியா இருக்கற நாள்ல பால்கனி வேஸ்ட்னு கணக்குப் போட்டது நான்தான்.

சாயங்காலம் ஒரு கூத்து. அம்மா புடவையை அலசி பால்கனி கம்பில போட்டுட்டா. ரூம் பையன் வந்து பவ்யமா எடுத்துக் குடுத்து பாத்ரூம்ல இழுத்துக் கட்டற கயிறைக் காமிச்சார். காத்துல பறந்து போயிடுமாம், வெளில எதுவும் காயப் போடக்கூடாது. "அப்ப எதுக்குடி பால்கனி?"

ஜூன் 10, செவ்வாய், ஜூனோ

வெளியூர்லேர்ந்து வர ரோடே கிடையாத அலாஸ்கா தலைநகரம், கப்பல்லயோ விமானத்துலயோதான் வரணும். மெண்டன்ஹால் கிளேசியர் போயிட்டு வந்தோம். அப்பா மனசுல நின்னது வேற: 2001லயே இங்க இந்த மாதிரி சுற்றுலாக் கப்பல்களுக்கு கரைலேர்ந்து கரண்ட் குடுத்திருக்காங்க, உலகத்துலயே முதல்ல, அதுவும் நீர்மின்சாரம். ராத்திரி பத்து மணிக்கு இன்னும் வெளிச்சம் இருக்கு, பால்கனில உக்காந்து இவர்கிட்ட அதோட வோல்டேஜ், டிரான்ஸ்ஃபார்மர்னு பாடமே எடுத்துட்டு இருந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல ரெண்டு பேரும் "சாப்டீங்களா"வைத் தாண்டிப் பேசி நான் பாத்ததில்ல.

ஜூன் 11, புதன், கிளேசியர் பே

காலைல தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் படகுல வந்து கப்பல்ல ஏறினாங்க. முட்டி வலிக்குது அப்பா பால்கனிலேயே இருங்கன்னு சொல்ல சொல்ல, ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுட்டு மேல் டெக்குக்குப் போயிட்டார், மூணு மணி நேரம் கீழ வரல. யாருக்காக இவ்ளோ காசு போட்டேனோ அவர் அங்க இல்ல! நானும் அம்மாவும்தான் போர்வையைச் சுத்திட்டு பால்கனில. ரேஞ்சர் பேசறது ரூம் டிவிலயும் வருது, சத்தத்தைக் கூட்டி வெச்சு கதவைத் திறந்து விட்டோம். 1794ல கேப்டன் வான்கூவரோட ஆளுங்க வந்தப்ப இந்த வளைகுடாவே கிடையாதாம், வாய் வரைக்கும் ஐஸ், இப்ப 65 மைல் உள்ள வந்தாத்தான் மார்ஜரி கிளேசியர்.

கப்பல் சொன்ன மாதிரியே சுத்துச்சு. நம்ம பக்கம் வந்தப்ப ஒரு ஓரமா ஐஸ் பிளந்து சரிஞ்சுது, முதல்ல விழறது தெரிஞ்சுது, அப்புறம்தான் இடி மாதிரி சத்தம். அம்மா என் கையைப் புடிச்சிட்டு "பாவம்டி"ன்னா. எதுக்குப் பாவம்னு கேக்கல.

மேல பட்டாணி சூப் குடுத்தாங்களாம், அப்பா கப்பை வாய்கிட்ட கொண்டு போகறப்ப இவர் விசாரிச்சு பன்றிக்கறி இருக்குன்னு தடுத்திருக்கார். அதுலேர்ந்து மாப்பிள்ளைக்கு மதிப்பு இன்னும் ஏறிடுச்சு.

ஜூன் 13, வெள்ளி, கெச்சிகன்

மழை. வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல பெய்யற ஊராம், இறங்கினோம், நனைஞ்சோம், ஏறினோம். சிட்கால நேத்து எடுத்த படங்களை அப்புறம் போடறேன்.

ஜூன் 14, சனி

மறுபடி திறந்த கடல், விக்டோரியா ராத்திரிதான். மதியம் அப்பா "உங்க ரூம்ல அப்படி என்னதான் இருக்கு"ன்னு பாக்கப் போனார். மூணு மணிக்குப் போய்ப் பாத்தா லைட்டை அணைச்சிட்டு நல்ல குறட்டை, பகலா ராத்திரியான்னு தெரியாத இருட்டு. இந்த ஊர்ல விடியக்காலை நாலு மணிக்கே வெளிச்சம் வந்துடறதால அவர் ஆறு நாளா சரியாத் தூங்கலையாம், எங்ககிட்ட சொல்லல. திரையை இழுத்து மூட அம்மா விடலையாம், பாக்கத்தானே காசுன்னு.

எதிர் ரூமுக்குப் போனேன். அம்மாவும் இவரும் பால்கனில சுடுதண்ணில ப்ரூ கலந்து வெச்சுக்கிட்டு திமிங்கிலம் வருமான்னு பாத்துட்டு இருந்தாங்க. நான் நின்னுட்டே குடிச்சேன், இவ்ளோ காசு வாங்கிட்டு ரெண்டே நாற்காலிதான் போட்டிருக்காங்க.