நான் எழுதிய பூஜ்யம்

பூச்சிமருந்தால் காட்டுப் பறவைகளுக்கு என்ன ஆபத்து என்று கணக்குப் போடுவது என் வேலை. மேசையில் உட்கார்ந்து செய்தால் எளிதுதான். பறவையைச் சாகடிக்கும் அளவை, அது ஒரு நாளில் தின்னக்கூடிய மருந்தின் அளவால் வகுக்க வேண்டும். ஐரோப்பிய முறையில், உடனடி நச்சுக்கு விடை 10-க்குக் குறையாமல் வந்தால் சரி.

ஆனால் எந்தப் பறவையைச் சாகடிக்கும் அளவு? ஆய்வகத்தில் பெரும்பாலும் காடையும் வாத்தும்தான். விதைக்குப் பூசும் பூச்சிமருந்தான இமிடாகுளோபிரிட் கொடுத்தபோது பாப்ஒயிட் காடைகளில் பாதி சாக, உடல் எடையில் கிலோவுக்கு 152 மில்லிகிராம் ஆனது. சிட்டுக்குருவிக்கு 41 போதும். 25 கிராம் குருவி என்றால் மொத்தமே 1 மில்லிகிராம். அந்த 10 என்ற இடைவெளி இப்படிப்பட்ட வித்தியாசங்களையும் தாங்கத்தான். தாங்குகிறதா என்று பார்க்க வயலுக்குப் போக வேண்டும்.

முதல்முறை போனது மருந்து பூசிய விதை விதைத்த மறுநாள். இரண்டு மணி நேரம் வரப்பும் வேலியுமாக நடந்தேன். ஒரு பறவைகூடச் செத்துக் கிடக்கவில்லை. படிவத்தில் 0 என்று எழுதினேன், கொஞ்சம் நிம்மதியாகவே.

அடுத்த வயலில், கூட வந்த மூத்தவர் எனக்குச் சொல்லாமல் விடியற்காலையிலேயே சில கோழிக்குஞ்சுச் சடலங்களை அங்கங்கே போட்டுவைத்திருந்தார். நான் தேடிக் கண்டுபிடித்தது பாதிகூட இல்லை. "தம்பி, இதைத் தாண்டித்தானே போனீங்க?" என்று புல்லை விலக்கிக் காட்டினார். குஞ்சுக்குப் பக்கத்திலேயே என் பூட்ஸ் தடம். அவற்றை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வந்தோம். ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றையும் இரவிலேயே ஏதோ தூக்கிப் போயிருந்தது. ஓரிடத்தில் மஞ்சள் தூவி மட்டும் பனியில் ஒட்டிக் கிடந்தது.

1995-96 வாக்கில் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸால் ஸ்வெயின்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அவை பெரிய பறவைகள், கூட்டமாக அடையும் மரங்களுக்கு அடியில் குவியலாகக் கிடந்தன. அதனால் கண்ணில் பட்டன. குருவி அப்படியா? தலை சுற்றினால் புதருக்குள் ஒதுங்கி, தனியாகச் சாகும்.

இப்போதெல்லாம் விதைக்கும் இயந்திரம் திரும்புகிற மூலைக்குத்தான் முதலில் போகிறேன். விதை மண்ணுக்குள் போகாமல் மேலே சிந்துவது அங்கேதான். படிவத்தில், கிடைத்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில், நாங்களே போட்ட குஞ்சுகளில் எத்தனை கிடைத்தன என்பதையும் எழுதுகிறேன். முதல் வயலுக்கு நான் எழுதிய 0 மட்டும் அந்தக் கோப்பில் இன்னும் துணையில்லாமல் நிற்கிறது.