தங்கச்சிமடத்தில் உட்கார்ந்து ரேடியோ கேலக்ஸி பிராஜெக்ட் முடித்த கதை

எம்.எஸ்சி. இறுதியாண்டுக்கு, ரேடியோ அலைகளைப் பலமாக உமிழும் விண்மீன் மண்டலங்களான பிரகாசமான ரேடியோ கேலக்ஸிகளைப் பல அலைநீளங்களில் ஒப்பிடும் தலைப்பை எடுத்தேன். வழிகாட்டி ஆசிரியர் உடனே சம்மதித்தார். அலுவலகம் சம்மதிக்கவில்லை. படிவத்தில் 'பயன்படுத்தும் கருவிகள்' என்ற கட்டத்தில், புணே அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி., அமெரிக்காவின் வி.எல்.ஏ. என்று இரண்டு ரேடியோ தொலைநோக்கிகளை எழுதியிருந்தேன். "அவர்களிடம் வாங்கிய அனுமதிக் கடிதம் எங்கே, தம்பி?" என்றார் எழுத்தர். எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவைத்த தரவு என்றால், "அதையே முத்திரையோடு கொண்டு வா" என்கிறார். வி.எல்.ஏ. நிற்கும் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் யாரைப் பிடித்து முத்திரை குத்தச் சொல்வது? பாம்பன் பாலம் தாண்டிப் போன பஸ் காசு வீண். தரவுப் பயன்பாட்டு விதிகளை அச்செடுத்து, ஆசிரியரின் கையெழுத்தோடு இணைத்த பிறகே கோப்பு நகர்ந்தது. அந்தக் கட்டத்தில் 'கணினி' என்று மட்டும் எழுதுங்கள். தொலைநோக்கிகள் ஆய்வேட்டுக்குள் இருந்துகொள்ளட்டும்.

கச்சான் காற்று மின்கம்பியை விட்டுவைத்தால் தொலைநோக்கிகளின் வானப் படங்களை இறக்குவது சுலபம். ரேடியோ அலை வரும் ஒவ்வொரு மூலத்தைச் சுற்றியும் சிறு சதுரமாக வெட்டி வாங்குங்கள். செல்போன் டேட்டாவே போதும்.

உண்மையான தலைவலி, எந்த ரேடியோ மூலம் எந்த கேலக்ஸிக்குச் சொந்தம் என்பதில்தான். கருந்துளையிலிருந்து எதிரெதிரே பாயும் தாரைகள், கேலக்ஸியைத் தாண்டி வெகுதூரத்தில் இரண்டு மடல்களாக வீங்கி நிற்கும். ரேடியோவில் பளிச்சிடுபவை அவைதான். நடுவிலுள்ள கேலக்ஸி அதில் பல நேரம் கண்ணிலேயே படாது; அதை அகச்சிவப்புப் படத்தில்தான் தேட வேண்டும். வி.எல்.ஏ.வின் பழைய வான அளவெடுப்பான என்.வி.எஸ்.எஸ். பட்டியலோ அகன்ற மடல்களைத் தனித்தனி மூலங்களாகப் பதிந்திருக்கும். 'அருகிலுள்ள அகச்சிவப்புப் புள்ளியைப் பொருத்து' என்று மென்பொருளிடம் விட்டால், நம் பால்வழியின் ஏதோ ஒரு விண்மீனுக்கும் ஒரு மடலுக்கும் கேட்பாரின்றிக் கல்யாணம் முடிந்திருக்கும்.

151 மெகாஹெர்ட்ஸில் 4 ஜான்ஸ்கிக்கு (ரேடியோ பிரகாசத்தின் அலகு) மேற்பட்ட 1,863 மூலங்கள் கொண்ட ஜி4ஜேஒய் பட்டியல் 2020-இல் வெளியானது. அதைத் தொகுத்தவர்களே படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கண்ணால் பார்த்துத்தான் தாய்க் கேலக்ஸிகளைக் குறித்தார்கள். நமக்கு மட்டும் குறுக்குவழி எங்கிருந்து வரும்? வைஸ் விண்கலத்தின் 3.4 மைக்ரான் அகச்சிவப்புப் படத்தின்மேல் ரேடியோவின் சமமட்டக் கோடுகளை (ஒரே பிரகாசமுள்ள இடங்களை இணைப்பவை) வரையுங்கள், பிறகு வி.எல்.ஏ.வின் புதிய, நுணுக்கமான அளவெடுப்பான வி.எல்.ஏ.எஸ்.எஸ். படத்தைத் திறங்கள். என்.வி.எஸ்.எஸ்ஸின் 45 வில்விநாடி (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) பிரிதிறனில் கரைந்துபோன நடுப்புள்ளி, இதன் 2.5 வில்விநாடியில் தனித்துத் தெரிய வாய்ப்புண்டு. ஆசிரியரே விட்டுவிடச் சொன்ன ஒரு மூலத்தில் அந்தப் புள்ளி அகச்சிவப்புக் கேலக்ஸியின் மேல் அச்சாக உட்கார்ந்தது. நள்ளிரவென்றும் பாராமல் படத்தை அவருக்கு அனுப்பினேன். 'சேர்த்துக்கொள்' என்று பதில் வந்தது. அன்று தூக்கம் எங்கே!

மூலங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே எல்லைகளைப் பாருங்கள். வி.எல்.ஏ.எஸ்.எஸ். வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 40 பாகையோடு (−40) நின்றுவிடும். எங்கள் கடற்கரையின் தெற்கு வானில் நன்றாகவே மேலேறும் ரேடியோ கேலக்ஸி சென்டாரஸ் ஏ, −43-இல் இருப்பதால் கைநழுவிப் போனது. இன்னும் வயிறு எரிகிறது.

ஜி.எம்.ஆர்.டி.யில் எடுத்த வான அளவெடுப்பான டி.ஜி.எஸ்.எஸ்ஸின் 150 மெகாஹெர்ட்ஸ் அளவீடுகளிலும் கவனம் தேவை. வானத்தின் சில பகுதிகளில் அதன் பிரகாச அளவுகோல் பிசகியிருக்கிறது. நிறமாலைச் சரிவை (அதிர்வெண்ணோடு பிரகாசம் மாறும் விதத்தை) கணக்கிடுமுன், ஆஸ்திரேலியத் தொலைநோக்கி ஒன்றின் அளவெடுப்பான கிளீம் அளவீட்டோடு ஒப்பிட்டு, முரண்பட்டால் எதை ஏற்றீர்கள், ஏன் என்று அடிக்குறிப்பு போடுங்கள். வைவாவில் வெளித்தேர்வாளர் என்னிடம் முதலில் கேட்டதே அதைத்தான்.