மலிவு எமல்ஷன்: பொங்கல் வேலை நாட்குறிப்பு

டிசம்பர் 20

சென்னை மேடவாக்கம் பக்கம் ஒரு வீட்டில் பெயிண்ட் வேலை எடுத்திருக்கிறோம். இரண்டாம் மாடி, மேலே மொட்டைமாடி. ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை. வீட்டுக்காரம்மா சொன்னது இரண்டே விஷயம்: போகிக்குள் முடியணும், விலை கூடின பெயிண்ட் வேண்டாம். இரண்டாவது சுலபம். முதலாவதுதான் சிக்கல்.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது பழைய வழக்கம். சுண்ணாம்புக்கு அது சரி; சுண்ணாம்பு ஈரச் சுவரிலும் பிடிக்கும். எமல்ஷன், அதாவது பிசின் கலந்த தண்ணீர் பெயிண்ட், அப்படியில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஊறின சுவர் மார்கழியில் இன்னும் முழுசாகக் காய்ந்திருக்காது. அதன்மேல் எமல்ஷன் ஏற்றினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழி தேடும். சித்திரை வெயிலில் கொப்புளம், வைகாசியில் செதில். பழி பெயிண்டின் விலைமேல் விழும்.

இன்று செய்தது ஒன்றுதான். ஒவ்வொரு வெளிச்சுவரின் உட்பக்கத்திலும் ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கண்ணாடி மாதிரியான பாலிதீன் தாள், நான்கு விளிம்பும் காற்றுப் புகாமல் டேப். 24 மணி நேரம் தொடக்கூடாது.

டிசம்பர் 21

தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் என்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் பனித்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், சுவர்மேல் குற்றமில்லை. மூன்று சுவர் தேறியது. ஹாலின் மேற்குச் சுவர் தேறவில்லை.

மாடிக்குப் போய்ப் பார்த்தால் காரணம் அங்கே. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்கிற இடத்தில் விரிசல், மழைநீர்க் குழாய் வாயில் பூச்சு பெயர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் உள்ளே எந்த விலைக்கு அடித்தாலும் வீண். கொத்தனார் நாளை வருகிறார். மேற்குச் சுவரைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறோம். அதுவரை இரவும் பகலும் மின்விசிறி, பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

டிசம்பர் 22

பழைய பூச்சைச் சோதித்தோம். செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழு. டேப்பில் வெள்ளைப் பொடி வந்தால் அடியில் சுண்ணாம்போ செத்துப்போன டிஸ்டெம்பரோ (எமல்ஷனுக்குக் கீழ்ப்படியான சுவர்ப்பூச்சு) இருக்கிறது. ஒரு படுக்கையறையில் பொடி கொட்டுகிறது. அந்த அறை முழுக்கச் சுரண்டியாக வேண்டும். எமல்ஷன் பிடித்துக்கொள்வது பொடியை. பொடி பிடித்துக்கொள்வது எதையும் இல்லை.

ஜன்னல் கம்பிகளில் பழைய எனாமல். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறை. இந்தக் கம்பிகள் அதற்கு முந்தையவை. ஆகவே காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பவில்லை. வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, கழிவை ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். குழந்தையைக் கீழ்வீட்டுக்கு அனுப்பச் சொல்லியாகிவிட்டது.

குளியலறையை ஒட்டின மூலையில் கறுப்புப் பூஞ்சை. பிளீச்சிங் பவுடர் கரைசல் தடவி, கால்மணி நேரம் விட்டு, பிரஷால் தேய்த்து, கழுவி, காயவிட்டோம். பூஞ்சைமேல் அப்படியே பெயிண்ட் அடித்தால் அது பெயிண்டைத் துளைத்துக்கொண்டு மறுபடியும் வரும்.

டிசம்பர் 23

கடை.

முதலில் ஒரு எச்சரிக்கை. "ட்ராக்டர் குடுங்க", "பைசன் குடுங்க" என்று பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஏசியன் பெயிண்ட்ஸின் ட்ராக்டர் பெயரில் டிஸ்டெம்பரும் உண்டு, எமல்ஷனும் உண்டு. பெர்ஜரின் பைசனும் அப்படியே. விலைச்சீட்டில் குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு டிஸ்டெம்பரோடு வீடு திரும்புகிறவர்கள் நிறைய. எளிய அடையாளம்: டிஸ்டெம்பர் பெரும்பாலும் கிலோவில் வரும், எமல்ஷன் லிட்டரில் வரும். நெரோலாக்கில் பியூட்டி, டூலக்ஸில் பிராமிஸ் என்று இதே படியில் வேறு பெயர்களும் இருக்கின்றன.

மலிவில் எது குறைகிறது? எமல்ஷனுக்குள் இருப்பது நான்கு: தண்ணீர், பிடிப்புக்கான அக்ரிலிக் பிசின், மறைப்புக்கான டைட்டானியம் டை ஆக்சைடு, நிரப்புவதற்கான சுண்ணக்கல் தூளும் களிமண் வகைகளும். விலை ஏறுவது பிசினாலும் டைட்டானியத்தாலும். மலிவு வாளியில் இந்த இரண்டும் குறைந்து நிரப்பி கூடியிருக்கும். அதனால் வாளியைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறது, நல்ல சரக்கு என்று சொல்வதை நம்ப வேண்டாம். கனம் பெரும்பாலும் கல்தூளின் கனம்.

பிசின் குறைந்தால் என்ன ஆகும்? துகள்களுக்கு நடுவே காற்று தங்கும். அந்தக் காற்றிடைவெளி ஒளியைச் சிதறடிப்பதால் காய்ந்த பிறகு சுவர் நன்றாகவே மறைந்து தெரியும். ஆனால் அதே இடைவெளி வழியாகத் தண்ணீரும் எண்ணெயும் அழுக்கும் உள்ளே போகும். ஆகவே மலிவு எமல்ஷன் பார்வைக்கு ஏமாற்றாது, துடைக்கும்போதுதான் ஏமாற்றும். கை படாத இடத்துக்கு அதை வாங்குவதில் தப்பே இல்லை.

அளவெடுத்தது, கதவு ஜன்னல் கழித்து: ஹால் சுவர் 450 சதுர அடி, படுக்கையறைகள் 400, 380, சமையலறையில் டைல்ஸ் போக 220, நான்கு சீலிங்கும் சேர்த்து 454. வாளியில் எழுதியிருக்கும் பரப்பளவு வழவழப்பான சுவருக்கானது. பட்டி (சுவரைச் சமப்படுத்தும் பூச்சு) பார்த்துப் பிரைமர் (பெயிண்டுக்கு முந்தின அடிக்கோட்) அடித்த சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று நாங்கள் கணக்கு வைக்கிறோம். சொரசொரப்பான பழைய சுவரானால் 70.

முடிவு இப்படி. சீலிங்குக்கும் படுக்கையறைகளுக்கும் மலிவு எமல்ஷன்: சீலிங் வெள்ளை 4 லிட்டரும் 1 லிட்டரும், படுக்கையறைக்கு 10 லிட்டர் வாளி ஒன்று. கணக்கு 7.8 லிட்டர்தான், ஆனால் இரண்டு 4 லிட்டர் டப்பா வாங்கினால் கையிருப்பு ஒன்றும் மிஞ்சாது. பிறகு கீறல் விழுந்த இடத்தை மறைக்க வேறு பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) வாங்கினால் நிறம் ஒட்டாது. ஹாலுக்கும் சமையலறைக்கும் ஒரு படி மேலான, துடைக்கக்கூடிய எமல்ஷன் இரண்டு 4 லிட்டர். ஹாலில் கை, ஸ்விட்ச், சோபா முதுகு; சமையலறையில் தாளிப்பு. அங்கே மிச்சம் பிடித்தால் இரண்டு வருஷத்தில் ஆள் கூலியோடு மறுபடி செலவு. லிட்டருக்கு நூறு ரூபாய் வித்தியாசம் என்று வைத்தாலும் 8 லிட்டருக்கு 800 ரூபாய். ஒரு பெயிண்டரின் ஒரு நாள் கூலியை ஒட்டித்தான் வரும்.

வாளிக்குள் பெயிண்டருக்கென்று காசாகிற டோக்கன் வைக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. எதை வாங்கச் சொல்கிறார் என்று கேட்கும்போது அதையும் மனதில் வைப்பது நல்லது. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

டிசம்பர் 24

நிறம். அம்மா கேட்டது மயில்நீலம், அதுவும் மலிவு ரகத்தில். "அம்மா, வெளிர் நிறமா எடுங்க. அடர்த்தியா வேணும்னா ஒரே ஒரு சுவருக்கு, அதுவும் மேல் ரகத்துல."

காரணம் இருக்கிறது. அடர்நிறம் கலக்குகிற பேஸில், அதாவது நிறம் சேர்க்குமுன் இருக்கிற பெயிண்டில், வெள்ளை நிறமி மிகக் குறைவு. மறைப்பு முழுக்க அதில் கலக்கிற நிறத்தை, அதாவது ஸ்டெய்னரை, நம்பி இருக்கும். இந்த ரகத்தில் கல்தூள் வேறு அதிகம். நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும், ஈரத்துணி வைத்தால் நிறம் துணிக்கு வரும். வெளிர் நிறத்தில் அதே கோடு கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளும் சிவப்பும் இன்னும் மோசம்; மூன்று கோட்டிலும் அடி தெரியும்.

படுக்கையறைக்கு வெளிர் சந்தனம், ஹாலுக்குச் சாம்பல் கலந்த வெள்ளை என்று முடிவாகியது.

டிசம்பர் 26 முதல் 30 வரை

பட்டி. எழுத அதிகமில்லை, வேலைதான் அதிகம். வெள்ளை சிமென்ட் பட்டி, கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர், கட்டியில்லாமல் குழைத்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒரு கலக்கு. இரண்டு மணி நேரத்தில் தீர்கிற அளவே குழைக்க வேண்டும். இறுகினதில் தண்ணீர் ஊற்றி இளக்கினால் சுவரில் பொடியாக உதிரும். சுவரை லேசாக நனைத்துவிட்டுத் தகட்டால் பட்டி இழுக்க வேண்டும்; காய்ந்த சுவர் பட்டியின் தண்ணீரை உறிஞ்சி அதைச் சாகடித்துவிடும். முதல் கைக்கு மேல்நோக்கி, காய்ந்ததும் 180 நம்பர் உப்புத்தாள், இரண்டாம் கைக்குக் குறுக்கே. இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டக்கூடாது. பள்ளத்தை பட்டியால் நிரப்பாதே, அதற்குச் சிமென்ட் பூச்சு.

பழைய பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருக்கிற சுவரில் சிமென்ட் பட்டி போடவில்லை, அது பெயிண்டோடு ஒட்டாது. அங்கே ஓட்டைகளுக்கு மட்டும் அக்ரிலிக் பட்டி.

டிசம்பர் 31

320 நம்பர் தாள். மாலையில் பல்பைச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழலாகக் காட்டிக்கொடுக்கும். பகல் வெளிச்சத்தில் எல்லாச் சுவரும் யோக்கியம்தான்.

தூசியை விளக்குமாறால் தட்டிவிட்டு ஈரத்துணியால் ஒரு துடைப்பு. இதை விட்டால் பிரைமர் தூசிமேல் உட்காரும்.

ஜனவரி 2

பிரைமர், ஒரு கோட். பட்ஜெட் வேலையில் முதலில் வெட்டுப்படுவது இதுதான். "பெயிண்டையே தண்ணியா ஒரு கோட் அடிச்சுட்டா பிரைமர்தானே மேஸ்திரி?" என்று புதுப் பையன் கேட்டான். இல்லை. பட்டி போட்ட இடம் ஒரு மாதிரி உறிஞ்சும், பழைய பெயிண்ட் வேறு மாதிரி உறிஞ்சும். பிரைமர் இல்லாவிட்டால் பட்டி இருந்த இடமெல்லாம் மங்கலாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். மேலே எத்தனை கோட் போட்டாலும் திட்டு போகாது. அதோடு, பிசின் குறைந்த பெயிண்டிலிருந்து இருக்கிற கொஞ்சப் பிசினையும் பட்டி உறிஞ்சிக்கொள்ளும்.

ஜனவரி 4

இன்று தண்ணீரைப் பற்றி எழுத வேண்டும். மலிவு எமல்ஷனைக் கெடுப்பதில் பாதிக்குமேல் தண்ணீரின் வேலை.

இங்கே விற்கும் எமல்ஷன் கெட்டியாக வரும், கலக்கித்தான் அடிக்க வேண்டும். எவ்வளவு என்பது வாளியில் அச்சாகியிருக்கும், ரகத்துக்கு ரகம் மாறும். இந்த வாளியில் 45 சதவீதம். அதாவது 1 லிட்டருக்கு 450 மில்லி. கண் அளவு கூடாது. லிட்டர் குவளை வைத்திருக்கிறோம். கூடுதலாக ஊற்றினால் ரோலர் சுகமாக ஓடும், பெயிண்ட் மிச்சமாகிற மாதிரி இருக்கும். ஆனால் படலம் மெலிந்து, சுவரில் வழிந்து, அடி தெரியும். பிறகு மூன்றாம் கோட். மிச்சம் பிடித்த பெயிண்டைவிட அந்தக் கூலி அதிகம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிதண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும்.

இன்னொரு குழி. இந்த ரகம் ஈரத்தில் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், காய்ந்த பிறகே மறைக்கும். முதல் கோட் அடித்ததும் வீட்டுக்காரர்கள் பதறுவார்கள், பெயிண்டர் அங்கேயே மேலும் மேலும் தேய்ப்பார். தேய்க்கக்கூடாது. நான்கு மணி நேரம் விட்டுவிட்டுப் பேச வேண்டும்.

சீலிங் முடிந்தது.

ஜனவரி 5, 6

படுக்கையறைகள். மூலையையும் ஸ்விட்ச் ஓரத்தையும் 2 அங்குல பிரஷால் கோடு எடுத்து, அது காய்வதற்குள் ரோலர் வந்து சேர வேண்டும். வீடு முழுக்க ஓரம் எடுத்துவிட்டு மறுநாள் ரோலர் ஓட்டினால் சுவரைச் சுற்றிப் படச்சட்டம் போட்ட மாதிரி அடர்கோடு நிற்கும்.

மின்விசிறி அணைத்தாகிவிட்டது. காற்றில் ஓரம் சீக்கிரம் காய்ந்தால் அடுத்த ஓட்டத்தின் சேர்க்கை வரிவரியாகத் தெரியும். ஒரு சுவரைத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் டீ. புது ரோலரைக் கழுவிக் காயவைத்து, டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தோம். இல்லாவிட்டால் பஞ்சு முழுக்கச் சுவரில்.

காலைப் பனியில் சுவர் சில்லென்று இருக்கிறது. பத்து மணிக்குமுன் தொடங்கவில்லை, நான்குக்குமேல் புதுச் சுவர் எடுக்கவில்லை.

ஜனவரி 8

மேற்குச் சுவரில் மறுபடி பாலிதீன். உள்பக்கம் உலர்ந்திருக்கிறது. ஆனால் கீழே ஒரு அடி உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தேய்த்துத் துடைத்தெடுத்தோம். இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 10

உப்பு திரும்பவில்லை. பட்டி போட்டாயிற்று. ஹாலின் மற்ற மூன்று சுவரும் சமையலறையும் இரண்டாம் கோட் முடிந்தன. இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்துதான் தொடங்கினோம். மெஷினில் கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா நூலளவு நிறம் மாறும், அது சுவர் நடுவில் தெரியும்.

ஜனவரி 12

மேற்குச் சுவர் பிரைமர் காலையில், முதல் கோட் மாலை மூன்றுக்கு. இரண்டாம் கோட் நாளைக் காலை பத்துக்கு.

"போகிப் புகைல சுவரு கறுக்குமா தம்பி?" என்று கேட்டார் அம்மா. புகையால் கறுக்காது, புகைக்கரியை ஈரத்துணியால் தேய்த்தால் கறுக்கும். அன்றைக்கு ஜன்னலை மூடிவையுங்கள். அதற்குமேல் கரி படிந்தால் காய்ந்த துணியால் தட்டிவிடுவதோடு சரி. ஹால் சுவரைக்கூட மூன்று வாரம் ஈரத்துணி காட்ட வேண்டாம். படுக்கையறையில் அதற்குப் பிறகும் ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக்கூடாது.

படுக்கையறைப் பெயிண்ட் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கூட மிச்சம். தண்ணீர் கலக்காதது. மூடியை இறுக்கி, ஷேடு நம்பர், பேட்ச் நம்பர், தேதி எழுதி லாஃப்டில் வைத்திருக்கிறோம். கலந்தது அரை லிட்டர் இருந்தது. அது நாறிப்போகும், மாடிப்படிக்கு அடியில் அடித்துத் தீர்த்தாயிற்று.