ஒரு கேட், ஐந்து வேகன், நாலே முக்கால் அடிப் பலகை

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு பஸ்ஸில் போய்ப் பழகியவர்களிடம் நீடாமங்கலம் என்று சொல்லிப் பாருங்கள். "கேட் போட்டிருந்தானா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஸ்டேஷனை ஒட்டியே ரயில்வே கேட். கூட்ஸ் வண்டியின் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டுமென்றாலும், வேகன்களை இழுத்து வேறு லைனில் தள்ள வேண்டுமென்றாலும், ரோட்டைத் தாண்டிப் போய்த்தான் திரும்ப வேண்டும். பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிடுவார். வேர்க்கடலை வரும், வெள்ளரிப்பிஞ்சு வரும். பஸ் மொத்தமும் புலம்பும். நான் மட்டும் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு, அடுத்த வேகன் எந்த லைனுக்குப் போகும் என்று எனக்கு நானே பந்தயம் கட்டிக்கொண்டிருப்பேன்.

இப்போது வயது நாற்பத்தாறு. திருச்சியில் வாடகை வீடு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். போன கோடை விடுமுறையில் மாடல் ரயில் பலகை ஒன்று போடுவது என்று உட்கார்ந்தபோது, முதலில் என் மனதில் ஓடியது எல்லோருக்கும் ஓடுகிற அதே வட்டப் பாதைதான்.

வட்டம் கணக்கில் உதைத்தது. நான் எடுத்துக்கொண்ட அளவு ஹெச்ஓ, அதாவது 87-இல் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் வளைவுத் துண்டுகளில் பரவலாக விற்பது 438 மி.மீ. ஆரம் கொண்டது. விட்டம் மட்டுமே 88 செ.மீ. ஓரங்களுக்கும் இடம் விட்டால் பலகை மூன்றடி அகலத்தைத் தாண்டும். அப்புறம் அந்த அறையில் பலகை குடியிருக்கும், நாங்கள் விருந்தாளிகள். ஐசிஎஃப் பயணிகள் பெட்டி ஒன்று இந்த அளவில் 24 செ.மீ.க்கு மேல் வரும். அவ்வளவு இறுக்கமான வளைவில் அதன் வயிறு உள்பக்கம் பிதுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

ஊட்டி ரயில் ஆசையும் இரண்டு வாரம் ஆட்டிப் படைத்தது. 12-க்கு 1 என்ற ஏற்றத்தில் அந்த வண்டி ஏறுவதே பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான். மாடலில் சாதாரண எஞ்சின் 40-க்கு 1 வந்தாலே சறுக்க ஆரம்பிக்கும். பல் தண்டவாளமும் மாடலில் கிடைக்கிறது, ஸ்விட்சர்லாந்துச் சரக்கு. விலையைப் பார்த்தேன், பக்கத்தை மூடினேன்.

ஒரு நாள் ராத்திரி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ரயிலில் எனக்குப் பிடித்தது அதன் ஓட்டமே அல்ல. அந்த கேட்டில் நின்று பார்த்த ஷண்டிங்தான், அதாவது வேகன்களைக் கழற்றி லைன் மாற்றிக் கோக்கிற வேலை. அப்படியென்றால் வட்டம் எதற்கு, ஏற்றம் எதற்கு?

ஷண்டிங்குக்கென்றே இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் வகுத்த பழைய திட்டம் ஒன்று இருக்கிறது. பெயர் இங்கிள்நூக். இரண்டு பாயிண்ட் (ஒரு லைன் இரண்டாகப் பிரிகிற இடம்), மூன்று சைடிங் (வேகன் நிறுத்துகிற ஓர லைன்). ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வருவதற்கான கைப்பாதையில் எஞ்சினும் மூன்று வேகன்களும் மட்டும்தான் கொள்ளும். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, வந்த வரிசைப்படி ரயிலைக் கோத்துக் கொடுக்க வேண்டும். 6720 விதமான வரிசை வரும். வரிசை மாற்றம் என்ற பாடத்தை இத்தனை வருஷம் வெறும் கரும்பலகையில் நடத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

எட்டு வேகனுக்கு என் வீட்டில் இடமில்லை. அதனால் ஐந்து, மூன்று, மூன்று என்பதை மூன்று, இரண்டு, இரண்டு என்று சுருக்கினேன். ஐந்து வேகனில் மூன்றைக் கோக்க வேண்டும், வரிசைகள் 60. எனக்கு அது போதும். எஞ்சின் முன்னும் பின்னும் போகிற அந்தக் கைப்பாதையின் குறுக்கேதான் ரோடு. அங்கே கேட். எஞ்சின் ஒவ்வொரு தடவை வேகனை இழுத்துக்கொண்டு வரும்போதும் கேட் போட்டாக வேண்டும். நீடாமங்கலம் முழுவதும் இதற்குள் வந்துவிட்டது.

வருஷம் 2012 என்று வைத்திருக்கிறேன். 2011-இல் மன்னார்குடி லைன் திரும்ப வந்துவிட்டது, டீசல் எஞ்சினும் ஓடுகிறது, மின்கம்பம் நடுகிற வேலையும் மிச்சம். நெல் மூட்டை ஏற்றுகிற மூடிய வேகன்தான் முக்கியம். (தண்டவாள அகலத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ., நம் அகலப்பாதையின் 1676 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல். கிட்டத்தட்ட மூன்று மி.மீ. பொய். நீடாமங்கலம் வழியாகப் போகும் நாகப்பட்டினம்–தஞ்சாவூர் லைன் 1861-இல் அகலப்பாதையாகப் பிறந்து, மீட்டர் கேஜாகி, திரும்ப அகலமானது. இவ்வளவு பார்த்த லைன் என் மூன்று மி.மீ.யையும் பொறுத்துக்கொள்ளும்.)

இனி நான் சறுக்கிய கதை. வேகன் 16 செ.மீ., ஆல்கோ டீசல் எஞ்சின் 20 செ.மீ., சின்ன பாயிண்ட் ஒவ்வொன்றும் 18.5 செ.மீ. கைப்பாதையில் எஞ்சினும் இரண்டு வேகனும், அப்புறம் இரண்டு பாயிண்ட், கடைசி சைடிங்கில் இரண்டு வேகன்: எல்லாம் கூட்டினால் 121 செ.மீ. நாலடிப் பலகை 121.9. ஒன்பது மி.மீ. மிச்சம்! அன்று சாயங்காலம் வீட்டில் என் தலைகனத்தைத் தாங்க முடியவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

பாயிண்டின் படத்தை முழு அளவில் அச்செடுத்துத் தரையில் ஒட்டினேன். பற்பசை டப்பா அட்டையை வெட்டி வேகன் செய்து, எண் போட்டுத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு மாமா குடிநீர் மோட்டார் விஷயமாக மேலே வந்தவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"டீச்சர், இந்த ரெண்டும் உரசிக்குமே."

"எங்க மாமா?"

அட்டை வேகனை ஒரு விரலால் பாயிண்ட் வாயை நோக்கி நகர்த்தினார். "ஃபௌலிங் மார்க் எங்க? அதுக்கு உள்ளாறதான வண்டி நிக்கணும்? பாயிண்ட் முடிஞ்ச கையோட நிறுத்திட்டீங்க. பக்கத்து லைன்ல எஞ்சின் வந்தா சீவிட்டுப் போயிரும்."

ஃபௌலிங் மார்க் என்றால், பக்கத்து லைன் வண்டி உரசாமலிருக்க, நிற்கிற வண்டி தாண்டக் கூடாத குறி. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பாயிண்ட் முடிகிற இடத்தில் இரண்டு லைனுக்கும் நடுவே இரண்டரை செ.மீ.தான். நாலு செ.மீ.யாவது விரிந்தால்தான் இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதற்கு இன்னும் எட்டு செ.மீ. போக வேண்டும். இன்னொரு தப்பை நானே கண்டுபிடித்தேன். வேகன் உடம்பை மட்டும் அளந்திருக்கிறேன், கப்ளிங்கை விட்டுவிட்டேன். கப்ளிங்கோடு 17. எல்லாம் சேர்த்து, முட்டுக்கட்டை வைக்க இடமும் விட்டால் 137 செ.மீ. பலகை நாலே முக்கால் அடி ஆனது.

அந்த நீளம் பீரோ மேல் ஏறாது. இரண்டாக வெட்ட வேண்டும். சரிபாதியாக வெட்டினால் வெட்டு போய் பாயிண்டின் நடுவில் விழுகிறது. அது கூடவே கூடாது. ஆகவே பலகையைச் சமமாகப் பிரிக்கவில்லை. இடது பலகை 23 அங்குலம், அதில் கைப்பாதையும் கேட்டும். வலது பலகை 34 அங்குலம், அதில் பாயிண்டும் சைடிங்கும். இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இதுதான்: வெட்டைத் தாண்டுவது ஒரே ஒரு லைன். நேராக வைக்க வேண்டியது இரண்டு தண்டவாளம் மட்டும். அகலம் இரண்டுக்கும் ஓரடி.

ஆசாரி 18 மி.மீ. பிளைவுட்தான் போடுவேன் என்றார். "யானை ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது டீச்சர்." தூக்கி இறக்கப் போவது நான். 9 மி.மீ. போதும், அதே பிளையில் மூன்று அங்குலப் பட்டை வெட்டி நிமிர்த்தி வைத்துச் சட்டம் அடியுங்கள் என்றேன். எம்.டி.எஃப். வேண்டாம் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று. ஒரு மழைக்காலத்து ஈரத்துக்கே ஊதிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளையில் கட் பீஸ் கிடைத்தது, எட்டுக்கு நாலு முழு ஷீட் வாங்கத் தேவைப்படவில்லை. வந்ததும் மேல், கீழ், வெட்டு முனை என்று எல்லாப் பக்கமும் பிரைமர் அடித்தேன். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மற்றப் பக்கம் ஈரத்தைக் குடித்துப் பலகை அப்பளம் மாதிரி வளையும்.

குறுக்குச் சட்டம் எங்கே வர வேண்டும் என்று ஆசாரியிடம் நான் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு அழகாக, சம இடைவெளியில் அடித்துவிட்டுப் போய்விட்டார். தரையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பலகைமேல் விரித்தால், இரண்டாவது பாயிண்டை நகர்த்தும் குச்சிக்கு நேர் கீழே ஒரு சட்டம். கம்பி இறங்க வழியில்லை. தப்பு என்னுடையது. காகிதத்தை முதலில் பலகைமேல் ஒட்டி, கம்பி இறங்கும் இடங்களைக் குறித்த பிறகுதான் சட்டமே அடித்திருக்க வேண்டும். இப்போது சட்டத்தில் ஒரு வாய் வெட்டியிருக்கிறேன். பாயிண்டைத் தள்ளுவதற்கு மோட்டார் இல்லை, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிதான். பலகையின் முன்பக்கம் அதன் முனை நீட்டிக்கொண்டிருக்கும், கையால் இழுக்க வேண்டும். மாமாவுக்கு அது ரொம்ப திருப்தி.

இரண்டு பலகையையும் சேர்க்கப் பக்கவாட்டில் பித்தளைக் கீல்கள். கீலின் ஆணியை உருவினால் பலகை பிரியும், சொருகினால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து உட்காரும். தண்டவாளத்தை ஒரே நீளமாகப் போட்டு, வெட்டின் இருபுறமும் பித்தளை ஸ்குரூ தலையில் சால்டர் வைத்த பிறகு அறுக்க வேண்டும். அது அடுத்த மாத வேலை. தண்டவாளத்துக்கு அடியில் 3 மி.மீ. கார்க் வாங்கியாயிற்று. சத்தம் அடங்கும் என்கிறார்கள். ஜல்லி ஒட்டுகிற ஃபெவிகால் காய்ந்தால் பழையபடி டமடமவென்று கேட்கும் என்றும் அவர்களேதான் சொல்கிறார்கள்.

எஞ்சின் இன்னும் வாங்கவில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டது. தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காகிதத்தில் அட்டை வேகன்களைத் தள்ளுகிறோம். என் பெண் சீட்டுக் குலுக்கிப் போடுவாள், இவர் போனில் நேரம் பார்ப்பார். எத்தனை தடவை நகர்த்தினோம் என்பது எங்களுக்குக் கணக்கில்லை, கேட் எவ்வளவு நேரம் மூடிக் கிடந்தது என்பதுதான் கணக்கு. என்னுடைய நல்ல நேரம் ஏழு நிமிஷம். மாமா நேற்று வந்து நாலரையில் முடித்துவிட்டு, "பஸ்ஸை விடுங்க" என்று எழுந்து போனார்.